தாமிரபரணி ஓரமா ஓடிப் பழகுறது எப்படி: ஆத்தங்கரை, குளத்தங்கரை, மலையடிவாரம்

நெல்லைப் பக்கம் புதுசா ஓட ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி நல்ல ரூட் எங்க இருக்குன்னுதான். மைதானத்தை சுத்தி சுத்தி வந்து சலிச்சுப் போயிருக்கும், மெயின் ரோட்ல இறங்கினா டிப்பர் லாரி காதுகிட்ட ஹாரன் அடிச்சுட்டுப் போவான், அதனால பாதிப் பேரு ரெண்டாவது வாரமே ஷூவ கட்டிலுக்கு அடியில தள்ளிடுறாங்க. ஆனா இந்த ஊர்ல ரூட்டுக்குப் பஞ்சமே கிடையாது. பொதிகை மலையில இறங்கி புன்னக்காயல்ல கடல்ல சேருற வரைக்கும் ஆறு சுமார் 128 கிலோமீட்டர் ஓடுது, அதுக்கு நடுவுல 8 அணைக்கட்டு, அதுல இருந்து பிரியுற 11 கால்வாய், அந்தக் கால்வாய் போயி ரொப்புற குளங்கள்னு தண்ணி போற இடத்துக்கெல்லாம் ஒரு கரை இருக்கு, கரை இருந்தா மாடு போற பாதையாச்சும் இருக்கும், அதுல நாமளும் போகலாம்.

இதுல ஒரு டெக்னிக்கல் சமாச்சாரமும் இருக்கு. கால்வாய் வெட்டுனவங்க தண்ணி மெதுவா, தானா இறங்கிப் போகணும்னு நிலத்தோட மட்டத்தை அனுசரிச்சு வளைச்சு வளைச்சு வெட்டிருப்பாங்க, அதனால கரையும் கிட்டத்தட்ட சமதளமாதான் போகும், ஏத்த இறக்கம் கண்ணுக்கே தெரியாது. புதுசா ஓடுறவங்களுக்கு முட்டிக்கு இதவிட நல்லது வேற இல்ல. மண்ணுப் பாதைங்கறதால தார் ரோடு மாதிரி காலை அடிக்கவும் அடிக்காது.

சரி, வரிசையா பாப்போம்.

முதல்ல காலண்டர், அப்புறம்தான் ஷூ

எல்லாரும் ஷூ வாங்குறதுல இருந்து ஆரம்பிப்பாங்க, நான் மாசத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுவேன். ஏன்னா இங்க ஒரே பாதை மாசத்துக்கு ஒரு மாதிரி இருக்கும். இங்க நெல்லு ரெண்டு போகம்: ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கார் சாகுபடி, அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் பிசான சாகுபடி. தண்ணி திறந்துட்டா கால்வாய் நிறைய ஓடும், ரெண்டு பக்கமும் பச்சையா இருக்கும், ஓடுறதுக்கு மனசு தானா வரும். ஏப்ரல் மே மாசத்துல அதே பாதைல போனீங்கன்னா கால்வாய் காஞ்சு, புழுதி பறந்து, தூர்வாருறதுக்கு ஜேசிபி நின்னுக்கிட்டிருக்கும். அந்த ரெண்டு மாசம் கால்வாய்க்கரைய விட்டுட்டு மரம் இருக்குற ஆத்தங்கரை ரோட்டுக்கு மாறிக்கிடுங்க.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல மலை இடுக்கு வழியா மேல்காத்து வரும் பாருங்க, ஆடிக்காத்துன்னு சொல்றது சும்மா இல்ல, ஆளையே தள்ளும். இந்த மூணு மாசத்துக்கு ஒரே ஒரு விதி: முதல்ல மேக்கே பாத்து ஓடுங்க, திரும்பும்போது கிழக்கே வாங்க. தெம்பு இருக்கும்போது காத்தை எதுத்துப் போயிட்டு, களைச்ச பிறகு காத்து முதுகுல தள்ள வீட்டுக்கு வரலாம். மாத்திப் போனீங்கன்னா போகும்போது பெரிய வீரன் மாதிரி இருக்கும், திரும்பும்போது அழுகை வரும்.

நவம்பர், டிசம்பர் வடகிழக்குப் பருவமழை. இந்த நேரத்துல ஆத்தங்கரைப் பக்கம் போறதுக்கு முந்தி அணை நிலவரம் பாக்கணும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இந்தப் பக்கம் யாரும் மறக்கல, பல இடத்துல கரையும் ரோடும் அரிச்சுட்டுப் போச்சு. பாபநாசம், மணிமுத்தாறுல தண்ணி திறக்குறாங்கன்னு நியூஸ் வந்தா அன்னைக்கு ஆறு, அணைக்கட்டு, தாம்போதிப் பாலம் (வெள்ளம் வந்தா முங்குற தாழ்வான பாலம்) எதுவும் வேண்டாம், மாடிப்படி ஏறி இறங்குனா போதும். ஆகக்கூடி நல்ல காலம்னா டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும்தான். காலைல பனி இருக்கும், வயல் பச்சையா நிக்கும், குளத்துல பறவை வந்திருக்கும்.

உடம்பை தயார் பண்றது

இதை சீக்கிரமா சொல்லி முடிச்சுடுறேன், ஏன்னா எல்லா ஊருக்கும் இது ஒண்ணுதான். ஒரு நிமிஷம் மெதுவா ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, இப்படி மாத்தி மாத்தி 20 நிமிஷத்துல இருந்து 30 நிமிஷம், வாரத்துக்கு மூணு நாள், நடுவுல ஒரு நாள் ரெஸ்ட். பக்கத்துல ஓடுறவர்கிட்ட மூச்சு வாங்காம பேச முடியணும், பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமா ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைச்சுக்கிட்டே வாங்க. நிக்காம 3 கிலோமீட்டர் வந்துட்டா கீழ சொல்ற எல்லா ரூட்டுக்கும் நீங்க தயார், அதுக்கு முந்தி போனாலும் தப்பில்ல, பாதி நடந்துட்டு வாங்க. நெஞ்சு வலி, பிபி, சுகர் இருக்குறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

ஷூ சாதாரண ரன்னிங் ஷூ போதும். கடைக்காரர் டிரெயில் ஷூன்னு ஒண்ணு காட்டுவார், நம்ம கரைக்கெல்லாம் அது தேவையே இல்ல. மழை பெஞ்ச மறுநாள் களிமண் கரைல எந்த ஷூ போட்டாலும் காலுக்கு ஒரு கிலோ மண்ணு ஒட்டத்தான் செய்யும், அன்னைக்கு சரளை இல்லாட்டி தார் ரோட்டுக்குப் போயிடுங்க.

ரூட்டை போன்ல பாத்து வைக்கிறது

கூகுள் மேப்ஸ்ல சாதாரண மேப் வேண்டாம், சாட்டிலைட் வியூ போடுங்க. சாதாரண மேப்ல கால்வாய் ஒரு நீலக் கோடா தெரியும், அவ்வளவுதான். சாட்டிலைட்ல பாத்தா அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல வெளுத்த ஒரு கோடு போகும், அதுதான் கரைப்பாதை. அது அகலமா, தொடர்ச்சியா இருந்தா டிராக்டர் போற பாதை, தாராளமா ஓடலாம். மெலிஞ்சு மெலிஞ்சு பச்சைக்குள்ள மறைஞ்சு போச்சுன்னா கருவேல முள்ளு மூடிருச்சுன்னு அர்த்தம், அந்தப் பக்கம் போகாதீங்க. அப்புறம் முதல் தடவை ஒரு பாதைல ஓடாதீங்க, சைக்கிள்லயோ பைக்லயோ ஒரு தடவ போயி பாத்துட்டு வந்துடுங்க, நாய் எந்த வீட்டு முன்னால நிக்கி, எங்க கரை உடைஞ்சிருக்கு, எங்க டீக்கடை இருக்குன்னு அப்பதான் தெரியும். ஸ்ட்ராவா மாதிரி ஆப் இருந்தா பாதைய பதிவு பண்ணி வச்சுக்கிடலாம், ஆனா வீட்டு வாசல்ல இருந்து பதிவு பண்ணி எல்லாருக்கும் தெரியுற மாதிரி போடாதீங்க, பொண்ணுங்க குறிப்பா.

ஆத்தங்கரை: குறுக்குத்துறைல ஆரம்பிங்க

டவுன்லயோ ஜங்ஷன்லயோ இருக்குறவங்களுக்கு முதல் ரூட் குறுக்குத்துறைதான். டவுன்ல இருந்து கொஞ்ச தூரம்தான், வயலும் மரமுமா ஒரு ரோடு, கடைசில ஆத்துக்குள்ளயே பாறை மேல நிக்கிற முருகன் கோவில். வெள்ளம் வந்தா கோவிலே முங்கிடும், உற்சவரை முன்கூட்டியே மேலக்கோவிலுக்கு தூக்கிட்டுப் போயிடுவாங்க. தூரம் கம்மி, திரும்ப ஆட்டோ கிடைக்கும், வழில ஆள் நடமாட்டம் இருக்கும், தண்ணி பாட்டில் மறந்தாக்கூட கடை இருக்கு, இதனாலதான் இதை முதல்ல சொல்றேன். அழகுன்னு பாத்தா மேக்கே போகப் போகத்தான் கூடும், அதையும் ஒத்துக்கிடணும்.

ஆத்தங்கரைல ஓடும்போது ஒரு முக்கியமான மரியாதை உண்டு. காலைல படித்துறைல ஆம்பளை பொம்பளை எல்லாரும் குளிச்சுக்கிட்டு, துவைச்சுக்கிட்டு இருப்பாங்க. அது அவங்க இடம், நாமதான் நடுவுல வாரோம். பொம்பளைங்க துறைப் பக்கம் பாதை போச்சுன்னா வேற வழி பாத்துப் போங்க, அப்படி வழி இல்லன்னா தலைய நேரா வச்சுக்கிட்டு வேகமா கடந்துடுங்க. போனை எடுத்து ஆத்தை வீடியோ பிடிக்கிறேன்னு நிக்கவே நிக்காதீங்க, உங்க மனசுல ஒண்ணுமில்லன்னாலும் எதிர்ல இருக்குறவங்களுக்கு அது தெரியாது, அண்ணாச்சிமாரு நாலு பேரு வந்து போனை வாங்கிப் பாப்பாங்க, அவங்க பாக்குறது நியாயமும்கூட.

ஓடி முடிச்சதும் ஆத்துல இறங்கி ஒரு முங்கு போடணும்னு தோணும். தோணட்டும், ஆனா வேர்வை அடங்கட்டும், ஊர்க்காரங்க குளிக்கிற துறைல மட்டும் இறங்குங்க. அணைக்கட்டுக்கு கீழ தண்ணி விழுந்து குழி பறிச்சிருக்கும், மேல பாத்தா முழங்கால் அளவுதான்னு தெரியும், உள்ள சுழி இருக்கும். பாசி பிடிச்ச கல்லு வேற. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே இந்த ஆத்துல போயிருக்காங்க.

கால்வாய்க்கரை: எனக்கு ரொம்ப பிடிச்சது கன்னடியன்

இதைப் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லப்போறேன், பொறுத்துக்கிடுங்க. கன்னடியன் கால்வாய் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அணைக்கட்டுல பிரிஞ்சு, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, கோபாலசமுத்திரம் பக்கமெல்லாம் போயி, வழி நெடுக வயலுக்கும் குளத்துக்கும் தண்ணி குடுத்துட்டுப் போகும். இதை வெட்டுன கதை ஒண்ணு இந்தப் பக்கம் சொல்லுவாங்க: கன்னட தேசத்துல இருந்து வந்த ஒருத்தரு அகத்தியரைக் கேட்டாராம், அவரு சொன்னாராம், ஒரு பசு முன்னால போகும், அது போற வழில கால்வாய் வெட்டு, அது சாணி போட்ட இடத்துல மடை வை, படுத்த இடத்துல குளம் வெட்டுன்னு. கதைய நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம், ஆனா பசு மாடு மேடேறிப் போகாம சுகமா நடக்குற வழியப் பாத்து போகும்னு மாடு வளத்தவங்களுக்குத் தெரியும், கரைல ஓடிப் பாத்தா அந்தப் பசு நல்ல இன்ஜினியர்னு நீங்களே சொல்லுவீங்க.

எப்படி ஓடணும்னா, சேரன்மகாதேவில இருந்து ஆரம்பிங்க. ஊர் எல்லாரும் சேரமாதேவின்னுதான் சொல்லுவாங்க, கண்டக்டர்கிட்டயும் அப்படியே கேளுங்க. நெல்லைல இருந்து சுமார் 18 கிலோமீட்டர், பஸ்ஸும் உண்டு, செங்கோட்டை லைன்ல ரயிலும் உண்டு. கால்வாயைத் தேடிப் பிடிச்சு கரை ஏறுங்க, தண்ணி வர்ற திசைக்கு எதிரா, அதாவது மேக்கே பாத்து காருகுறிச்சிப் பக்கமா போங்க. 15 நிமிஷம் போயிட்டு திரும்புங்க, முதல் தடவைக்கு அது போதும். கிலோமீட்டரைப் பாக்காதீங்க, நேரத்தை மட்டும் பாருங்க, ஏன்னா கரைல மாடு வரும், ஆட்டு மந்தை வரும், நாத்துக்கட்டு ஏத்துன டிராக்டர் வரும், எல்லாத்துக்கும் ஒதுங்கி நின்னுதான் போகணும், உங்க பேஸ், அதாவது ஒரே சீரான ஓட்ட வேகம், கெட்டுப்போகும், கெட்டா கெட்டுட்டுப் போகுது.

காருகுறிச்சின்னதும் வயசானவங்களுக்கு அருணாசலம் நாதஸ்வரம்தான் ஞாபகம் வரும், சின்னப் பசங்களுக்கு மண்பானை. வீரவநல்லூர் தாண்டி கல்லிடை (கல்லிடைக்குறிச்சிதான்) வரைக்கும் போற அளவுக்கு தம் வந்துட்டா அங்க அப்பளம் வாங்கிட்டு வரலாம். கிழக்கே கோபாலசமுத்திரம் பாதைல போறவங்களுக்கு பத்தமடை பக்கம், கோரைப் பாய் ஊரு. இதெல்லாம் சும்மா டூரிஸ்ட் தகவலா சொல்லல, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஸ்டேஷன் இல்லாட்டி ஒரு பஸ் ஸ்டாப் இருக்கு, எங்க கால் வலிக்குதோ அங்க ஓட்டத்தை நிறுத்திட்டு வண்டி ஏறிடலாம், அந்த தைரியத்துக்காக சொல்றேன்.

வீரவநல்லூர்ல இருந்து வடக்கே கிராம ரோட்டுல போனா திருப்புடைமருதூர் வரும், இதை ரெண்டாவது மாசத்துக்கு வச்சுக்கிடுங்க. தாமிரபரணியோட கடனாநதி சேருற இடம், நாறும்பூநாதர் கோவில், கோபுரத்துக்குள்ள மரச் சிற்பமும் பழைய ஓவியமும் இருக்கு. ஆத்தங்கரை மரத்துல நாரையும் கொக்கும் கூடு கட்டும், 2005ல இந்தியாவுலயே முதல் முதலா காப்பு ஒதுக்கிடம்னு (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிச்சது இந்த சின்ன ஊரைத்தான். ஊர் எல்லை வந்ததும் ஓட்டத்தை விட்டு நடங்க, மரத்தடில மேல பாத்துக்கிட்டு வாயைத் திறந்து நிக்காதீங்க, காரணம் அங்க போனா புரியும்.

கரைல கவனிக்க வேண்டியது பாம்பு. வரப்புலயும் கரைப் புல்லுலயும் எலி இருக்கும், எலி இருக்குற இடத்துல நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். விடிஞ்சு நல்லா வெளிச்சம் வந்த பிறகு மட்டும் கரை ஏறுங்க, பாதைக்கு நடுவுலயே ஓடுங்க, புல்லுக்குள்ள காலை வைக்காதீங்க, ரெண்டு காதுலயும் ஹெட்போன் வேண்டாம். கடிச்சுட்டா கட்டுப் போடுறது, கீறுறது, வாய வச்சு உறிஞ்சுறது எதுவும் கூடாது, ஆளை அசையாம உக்கார வச்சு 108க்கு போன் பண்ணி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், பெரிய ஆஸ்பத்திரின்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்.

அறுப்பு நேரத்துல ரோட்டுல பாதி நெல்லு காயும். அதை மிதிச்சு ஓடாதீங்க, ஓரமா கல்லு வச்சிருப்பாங்க, அதுக்கு வெளிய போங்க. ஒருத்தரோட நாலு மாச உழைப்பு அது, உங்க பத்து செகண்டுக்காக தள்ளிவிட முடியாது.

குளத்தங்கரை

இங்க ஏரின்னு சொல்ல மாட்டாங்க, எல்லாம் குளம்தான், எவ்வளவு பெருசா இருந்தாலும். குளத்துக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கரை, அது வில்லு மாதிரி வளைஞ்சு போகும், ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்குப் போயி அப்படியே திரும்பி வாரதுதான் ஓட்டம், சுத்தி வர முடியாது, புதுசா வாரவங்க முழு வட்டம் அடிக்கலாம்னு போயி தண்ணிக்குள்ள நிப்பாங்க. கரைல மடை (வயலுக்குத் தண்ணி திறக்குற இடம்) எங்க இருக்கு, மறுகால் (குளம் நிரம்புனா மிச்சத் தண்ணி வெளிய போற இடம்) எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கிடணும். மறுகால்ல தண்ணி பாஞ்சுக்கிட்டிருந்தா அது மேல கடக்கவே கூடாது, கணுக்கால் அளவு தண்ணிதான்னு தெரியும், ஆனா பாசியும் வேகமும் சேந்து ஆளைத் தூக்கிப் போட்டுரும்.

பெரிய பறவைக் குளம் பாக்கணும்னா கூந்தன்குளம். நெல்லைல இருந்து சுமார் 33 கிலோமீட்டர் தெக்கே, நாங்குநேரிப் பக்கம். 1994ல சரணாலயம் ஆச்சு, இப்ப உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் இருக்கு. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணிதான் இதை ரொப்புது, அதனால அணைல தண்ணி இல்லாத வருஷம் இங்க பறவையும் குறைஞ்சு போகும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் ஊருக்குள்ளயே வீட்டு மரத்துல கூடு கட்டும், மங்கோலியாப் பக்கம் இருந்து இமயமலையத் தாண்டி வரித்தலை வாத்து வரும். ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடி போடாம இருக்காங்கன்னா பாத்துக்கிடுங்க.

அப்படிப்பட்ட ஊர்ல நாம போயி சரணாலயக் கரைல பளபளன்னு ஆரஞ்சு பனியன் போட்டுக்கிட்டு திடுதிடுன்னு ஓடுறது சரியில்ல. என்னோட யோசனை இதுதான்: மூலைக்கரைப்பட்டிப் பக்கத்து கிராம ரோட்ல ஓடுங்க, வயலும் சின்னச் சின்ன குளமுமா நல்லாத்தான் இருக்கும், சரணாலயம் வந்ததும் ஓட்டம் முடிஞ்சுதுன்னு வச்சுக்கிட்டு பைனாகுலரோட நடங்க. ஸ்பீக்கர்ல பாட்டு, டிரோன், கூட்டமா கத்துறது எதுவும் வேண்டாம். கூட்டுல இருக்குற தாய்ப்பறவை பயந்து எழும்புனா முட்டை வெயில்ல கிடக்கும், காக்கா தூக்கிட்டுப் போகும். பறவையே பாக்காம ஓடத்தான் செய்யணும்னா வேற குளத்துக்குப் போங்க, மாவட்டத்துல குளத்துக்கா பஞ்சம். டவுன்காரங்களுக்கு நயினார்குளம் பக்கத்துலயே இருக்கு, மார்க்கெட் சத்தமும் லாரியுமா இருக்கும், இருந்தாலும் நீர்க்காகமும் தாழைக்கோழியும் அங்கயும் உண்டு.

மலையடிவாரம்: காட்டுக்குள்ள இல்ல, காட்டு ஓரத்துல

இதுல நிறைய பேரு ஏமாந்து போறாங்க. இன்ஸ்டால மாஞ்சோலை, காரையார் வீடியோவப் பாத்துட்டு ஷூவ மாட்டிக்கிட்டு மணிமுத்தாறு, பாபநாசம் செக்போஸ்ட்ல வந்து நிப்பாங்க, உள்ள ஓட விட மாட்டாங்க. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988ல ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுல முதல் புலிகள் காப்பகமே அதுதான். அனுமதி இல்லாம காட்டுக்குள்ள நடந்தாலே கேஸ். பாரஸ்ட் கார்டுகிட்ட போயி "அண்ணே ஒரு ரெண்டு கிலோமீட்டர்"னு கெஞ்சாதீங்க, அவர் வேலைக்கும் உலை வச்சுருவீங்க. கோவிலுக்கோ அருவிக்கோ போறவங்களுக்கு வண்டில போக வழி இருக்கு, அதுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு, அது தனி ட்ரிப்பா போயிட்டு வாங்க.

நமக்கு செக்போஸ்ட்டுக்கு வெளியவே வேண்டிய அளவுக்கு இருக்கு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி ரெண்டுக்கும் நடுவுல ஆறு, ரெண்டும் எதிர் எதிர் கரை. அம்பைல இருந்து ஆத்துப் பாலம் தாண்டி கல்லிடை போயி திரும்புறது புதுசா வந்தவங்களுக்கு அருமையான ஓட்டம், பாலத்து மேல நின்னு மேக்கே பாத்தா பொதிகை மலை முழுசா நிக்கும், மேகம் இல்லாத ஜனவரி காலைல சொல்லவே வேண்டாம். கொஞ்சம் தேறுனவங்க கல்லிடைல இருந்து மணிமுத்தாறு ரோட்ல போகலாம். ஒரு பக்கம் வயல், எதிர்ல மலை, போகப் போக லேசா ஏத்தம் இருக்கும், திரும்பும்போது இறக்கம். அணை 1958ல கட்டுனது, கரை மட்டும் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளம். அங்க போலீஸ் பட்டாலியன் கேம்ப் இருக்கு, வேகமா ஓடுற யாரையாச்சும் பாத்தா போட்டி போடாம விட்டுடுங்க.

அப்புறம் விக்கிரமசிங்கபுரத்துல இருந்து பாபநாசம் கோவில் வரைக்கும். வி.கே.புரம்னாதான் ஊர்ல தெரியும். ரோட்டோரம் மரமும், பழைய மில்லும், ஆறுமா இருக்கும், ஆனா அமாவாசை அன்னைக்கும் ஞாயித்துக்கிழமையும் கூட்டம், வேன், கார்னு இருக்கும், ஆடி அமாவாசை வாரத்துல அந்தப் பக்கமே எட்டிப் பாக்காதீங்க, சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போற ஜனம் ரோடு முழுக்க இருக்கும். நடுவாரத்துல போங்க.

மலையடிவாரத்துல நேரம் ரொம்ப முக்கியம். ஊர்ப்பக்கம் சிறுத்தை, கரடி இறங்கி வாரது இங்க அடிக்கடி நடக்குறதுதான், தோட்டத்துல பழம் இருந்தா கரடிக்கு கொண்டாட்டம். அது நடமாடுறது ராத்திரியும் விடியக்காலையும் இருட்டப்போற மசங்கல் நேரமும். அதனால டவுன்ல நாலரைக்கு எந்திரிச்சு ஓடுற பழக்கம் இருந்தாலும் இங்க அது செல்லாது, சூரியன் நல்லா மேல வந்த பிறகு ஆரம்பிங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வேண்டாம். தனியா போகாதீங்க. கிளம்புறதுக்கு முந்தி டீக்கடைல நின்னு "இந்தப் பக்கம் ஏதும் நடமாட்டம் உண்டா"ன்னு கேளுங்க, எந்த ஆப்பும் சொல்லாத தகவல் அங்க கிடைக்கும். குரங்கு இருக்குற இடத்துல கைல திங்கிற பொருள் வச்சுக்கிட்டு ஓடாதீங்க.

கொண்டு போறது, சாப்பிடுறது, நாய்

அரை லிட்டர் தண்ணி, போன், கொஞ்சம் சில்லறைக் காசு, ஒரு துண்டு. கூட ஒரு சின்ன பேப்பர்ல வீட்டு நம்பர். முக்கால் மணி நேரத்துக்கு மேல ஓடுனா தண்ணியோட கொஞ்சம் உப்பும் வேணும், அதுக்கு கலர் கலரா ட்ரிங்க் வாங்க வேண்டாம், உப்புப் போட்ட மோர் போதும். பதநீர் சீசன்ல வழில கிடைச்சா குடிங்க, ஆனா ஓடி முடிச்ச பிறகு, முந்தி குடிச்சா வயிறு குலுங்கும். ஏப்ரல், மே மாசத்துல காலை ஏழரைக்குள்ள முடிச்சுடணும், தலை கிறுகிறுன்னு வந்தா, வேர்வை நின்னுபோனா உடனே நிழல்ல உக்காந்து தலைல தண்ணி ஊத்துங்க, சமாளிச்சு ஓடிடலாம்னு வீரம் காட்ட வேண்டாம்.

நாய்க்கு ஒரே வைத்தியம், ஓட்டத்தை நிறுத்திட்டு நடக்குறது. ஓடுனா அது துரத்தும், அது அதோட வேலை. முதுகைக் காட்டாம, கண்ணை முறைக்காம, மெதுவா நடந்து அந்தத் தெருவைத் தாண்டுங்க. கடிச்சா சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணில கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்குப் போகணும், மஞ்சப்பத்து போடுற ஆளுங்க பேச்சைக் கேக்காதீங்க.

பொண்ணுங்க ஓட வாரதைப் பத்தி ஒண்ணு. கிராமத்துல முதல் நாள் எல்லாரும் பாப்பாங்க, ரெண்டாவது நாள் "எங்கம்மா ஓடுத, பஸ்ஸ விட்டுட்டியா"ன்னு ஒரு ஆச்சி கேக்கும், நின்னு பதில் சொல்லுங்க, உடம்புக்கு நல்லதுன்னு ஓடுதேன் ஆச்சின்னு. அடுத்த வாரம் அதே ஆச்சி உங்களை யாராச்சும் ஏதும் சொன்னா சண்டைக்குப் போகும். இருந்தாலும் ஆரம்பத்துல ரெண்டு மூணு பேரா போங்க, ஆள் இல்லாத கரைக்கு தனியா வேண்டாம், யாருக்காச்சும் லைவ் லொகேஷன் அனுப்பி வைங்க.

ஒரு வழி ஓடி, ரயில்ல திரும்புறது

கொஞ்சம் பழகிட்டா இதை முயற்சி பண்ணிப் பாருங்க. நெல்லை செங்கோட்டை லைன்ல சேரமாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடை, அம்பைன்னு வரிசையா ஸ்டேஷன், எல்லாமே ஆறும் கால்வாயும் போற வழிதான். காலை வண்டில ஏறி ஒரு ஸ்டேஷன்ல இறங்கி, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் கால்வாய்க்கரைலயோ ஊர் ரோட்லயோ ஓடி, திரும்பி வர்ற வண்டில ஏறிடலாம். வண்டி நேரத்தை முந்தின நாளே பாத்து வைங்க, எல்லா வண்டியும் சின்ன ஸ்டேஷன்ல நிக்காது, ஒண்ணை விட்டா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் ஆகும், அப்ப பஸ்தான். தண்டவாளத்து மேலயும் ரயில் பாலத்து மேலயும் ஓடுற குறுக்கு வழி மட்டும் வேண்டவே வேண்டாம். பைல ஒரு மாத்துச் சட்டை வச்சுக்கிடுங்க, நனைஞ்ச பனியனோட பெட்டில ஏறுனா பக்கத்துல உக்காருறவங்க பாவம்.